வாசகர் கேள்வி: கிரெனடா சந்தையில் வாங்கிய சங்கும் வளையலும்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் கரீபியன் கடலில் உள்ள கிரெனடா தீவில் மருத்துவம் படிக்கிறார். மகளைப் பார்க்கக் கணவனும் மனைவியுமாகப் போயிருக்கிறார்கள். தலைநகர் செயின்ட் ஜார்ஜஸின் சந்தையிலும் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைக் கடைகளிலும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சாமான் வாங்கிக்கொண்டு, லண்டன் வழியாக ஊர் திரும்பியிருக்கிறார்கள்.

இறங்கிய விமான நிலையத்தில்தான் சிக்கல். தீர்வை கட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் வெளியே வந்தவர்களை நிறுத்தி, பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே உதடு ரோஜா நிறத்தில் விரிந்த பெரிய சங்கு இரண்டு, மஞ்சளும் பழுப்பும் திட்டுத்திட்டாகக் கலந்த வளையல் ஒன்று, ஓடு உடைக்காத ஜாதிக்காய் ஒரு பை. ஜாதிக்காய்க்காகக் கண்டித்துவிட்டு, அதை விட்டுவிட்டார்கள். சங்கையும் வளையலையும் எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். வளையல் ஆமை ஓடாக இருக்கலாம் என்றும், வனவிலங்குச் சட்டத்தில் ஜெயில் வரை போகும் என்றும் ஒரு அதிகாரி சொல்லியிருக்கிறார். நள்ளிரவு தாண்டி, தூக்கக் கலக்கத்தில், ஆங்கிலத்தில் எழுதிய வாக்குமூலத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டதாக எழுதுகிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே ஜோடியின் இன்னொரு வளையல் அன்றைக்கு அவர் மனைவியின் கையில் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. இப்போது வீட்டு பீரோவில் இருக்கிறது. மைத்துனர், “பேசாமல் கடலில் வீசிவிடுங்கள்” என்கிறார். மனைவிக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லை.

அவர் கேட்பவை: எங்களைக் கைது செய்வார்களா? ஒருவருக்கு மூன்று சங்கு வரை கொண்டு வரலாம் என்று இணையத்தில் படித்தோமே, சங்கைத் திரும்பக் கேட்கலாமா? விற்கும்போது “இதெல்லாம் சட்டப்படிதான்” என்று சொன்ன கடைக்காரர் மேல் வழக்குப் போட முடியுமா? 40 டாலர் என்று ஏமாற்றியவரிடம் பணத்தைத் திரும்ப வாங்கலாமா? டிசம்பரில் மகள் வருகிறார். ரம், சாக்லேட், ஜாதிக்காய் கொண்டு வரலாமா?

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் பயப்படும் இடத்தில் பயப்பட அவ்வளவாக ஒன்றுமில்லை. ஆனால், மைத்துனர் யோசனை என்று சாதாரணமாக ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன இடத்தில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. அதனால் உங்கள் வரிசையை மாற்றி, அங்கிருந்து தொடங்குகிறேன்.

பீரோவில் இருக்கும் வளையல்

அதைக் கடலில் வீசாதீர்கள். உடைக்காதீர்கள், எரிக்காதீர்கள், வேறு வீட்டில் கொண்டுபோய் வைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். ஒரு பொருளைப் பற்றி விசாரணை நடக்கிறது என்று தெரிந்த பிறகு அதன் ஜோடியை ஒழித்துக் கட்டினால், அது தடயத்தை அழித்த தனிக் குற்றம். இப்போது உங்களிடம், தெரியாமல் வாங்கினோம் என்று சொல்ல நேர்மையான ஒரு பதில் இருக்கிறது. வீசிவிட்டால் அந்தப் பதில் போய்விடும்.

அப்படியே வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கலாமா? அதுவும் சரிப்படாது. அது உண்மையிலேயே ஆமை ஓடாக இருந்தால், நகைக்குப் பயன்படும் அந்த ஓடு பெரும்பாலும் அழுங்காமையுடையது. அழுங்காமை நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணையில் உள்ள உயிரினத்தின் உடற்பகுதியில் செய்த பொருள் என்றால் தண்டனை 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டு வரை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாமல். வைத்திருப்பதே குற்றம். சாதாரணக் குற்ற வழக்கில் எதையும் நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. இந்தச் சட்டத்தில் பொருள் உங்கள் கையில் இருந்தால், சட்டவிரோதமாகத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் உங்கள் மேல் விழும்.

இதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு இன்னும் தூக்கம் போய்விடக் கூடாது என்பதால் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். அது ஆமை ஓடுதான் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. “இருக்கலாம்” என்றுதான் அந்த அதிகாரியே சொல்லியிருக்கிறார். உலகம் முழுக்கச் சுற்றுலாக் கடைகளில் ஆமை ஓட்டின் நிறத்தில் விற்கிற வளையல், சீப்பு, மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் மிகப் பெரும்பாலானது பிளாஸ்டிக். மாட்டுக் கொம்பிலும் செய்கிறார்கள். ஜன்னலோரம் பிடித்துப் பாருங்கள்: அச்சில் வார்த்த பிளாஸ்டிக் என்றால் உள்பக்கம் மெல்லிய கோடு ஒன்று ஓடும், திட்டுகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரலாம். ஆமை ஓட்டில் நிறம் மேகம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கரையும். ஆனால் பார்வையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊசியைச் சுட்டுக் குத்தி மோந்து பார்க்கும் சோதனை ஒன்றை யாராவது சொல்வார்கள், அது வேண்டவே வேண்டாம். முடிவு சொல்ல வேண்டியவர்கள் விலங்கியல் நிபுணர்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் மையம் சென்னையிலேயே இருக்கிறது. பிடித்து வைத்த வளையலை நிபுணர் அறிக்கைக்கு அனுப்பச் சொல்லி எழுத்து மூலம் கேட்பது உங்கள் வக்கீல் செய்ய வேண்டிய முதல் வேலை. அறிக்கை “பிளாஸ்டிக்” என்று வந்தால் உங்கள் பயத்தில் முக்கால்வாசி அன்றைக்கே முடிந்தது.

பீரோ வளையலை என்ன செய்வது? என் ஆலோசனை: குற்ற வழக்குகளில் பழக்கமுள்ள வக்கீல் ஒருவரை நேரில் பார்த்து, அவர் மூலமாக, ஒரு விளக்கக் கடிதத்தோடு ஒப்படைத்துவிடுங்கள். எந்த அலுவலகத்தில், எப்போது, கடிதத்தில் என்ன வாசகம் என்பதை அவர் முடிவு செய்யட்டும். சிலர், “தானாகப் போய் மாட்டிக்கொள்வானேன், தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியல் சட்டமே சொல்கிறதே” என்பார்கள். வாதம் சரிதான். ஆனால் கையிலிருந்த வளையல் விமான நிலையக் கேமராவில் பதிவாகியிருக்கலாம். பின்னால் தேடி வந்து எடுப்பதற்கும், நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் நீதிமன்றத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. அதுவரை இந்த வளையலைப் பற்றி வாட்ஸ்அப்பில் யாருக்கும் ஒரு வரிகூட எழுதாதீர்கள். குடும்பக் குழுவில் படம் போட்டிருந்தால், அதை இப்போது அவசரமாக அழிக்கவும் வேண்டாம்.

அன்றிரவு போட்ட கையெழுத்து

நீங்கள் கொடுத்தது சுங்கச் சட்டம் 108-ஆம் பிரிவின்படி பதிந்த வாக்குமூலமாக இருந்தால், அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். போலீஸிடம் சொல்வதற்கு நீதிமன்றத்தில் பெரிய மதிப்பு இல்லை. சுங்க அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வார்கள். அதில் “ஆமை ஓடு என்று தெரிந்தே வாங்கினேன்” என்பது மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிரதி கேட்டு எழுதுங்கள், பொருளைக் கைப்பற்றியதற்கு எழுதிய பதிவான மகஜரின் பிரதியும் சேர்த்து. நீங்கள் சொல்லாதது அதில் இருந்தால், எது தவறு, எந்த நிலையில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று உடனே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாள் போகப் போக அந்தக் கடிதத்துக்கு மதிப்புக் குறையும். ஆறு மாதம் கழித்து எழுதினால், வக்கீல் சொல்லிக் கொடுத்து எழுதியது என்பார்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு விஷயம் என் கண்ணில் பட்டது. பெட்டி உங்கள் மனைவியின் டிக்கெட்டில் போட்டது, வாக்குமூலம் கொடுத்தது நீங்கள். ரசீதில் யார் பெயர் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் யாருக்கு வரும், பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. “எல்லாம் என் பொறுப்பு” என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தீர்கள் என்றால், அந்தப் பெருந்தன்மை இப்போது ஒரு சட்டப் பிரச்னை.

அன்றைக்கு அச்சடித்த படிவம் ஏதாவதில், “நோட்டீஸ் வேண்டாம், நேரில் விசாரணையும் வேண்டாம்” என்கிற மாதிரிக் கையெழுத்து வாங்கினார்களா என்றும் யோசித்துப் பாருங்கள். பறிமுதல் செய்வதற்கு முன்னால் காரணத்தைச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும், உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். இப்படிப் படிவத்தில் வாங்கிய கையெழுத்தை வைத்துக்கொண்டு நோட்டீஸே தராமல் விட்டதை டில்லி உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் ஏற்கவில்லை. கைப்பற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ் வர வேண்டும். காரணம் எழுதி இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால் 60 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு. அதற்கு மேல், பயணப் பெட்டி விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போகாது. மத்திய அரசிடம் மறுஆய்வு மனுதான். இந்த வழி தெரியாமல் தீர்ப்பாயத்துக்குப் போய்க் காலத்தை விட்டவர்கள் உண்டு.

கைது பற்றிக் கேட்டீர்கள். சுங்கச் சட்டத்தை மட்டும் பார்த்தால், தடைசெய்த பொருளுக்கு 112-ஆம் பிரிவில் அபராதம் பொருளின் மதிப்பு வரை, அல்லது 5,000 ரூபாய் வரை. இரண்டில் எது கூடுதலோ அதுதான் உச்சவரம்பு. சந்தையில் சில டாலருக்கு வாங்கிய சாமானுக்கு இது எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வனவிலங்குச் சட்டம் வேறு விஷயம். ஆனால் அது வளையலைப் பற்றிய அறிக்கையைப் பொறுத்தது. அறிக்கை பாதகமாக வந்து, வனத்துறையோ வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவோ சம்மன் அனுப்பினால், அப்போது முன்ஜாமீன் கேட்கலாம். இப்போதே ஓடிப்போய் மனுப் போடுவது வீண் செலவு.

“மூன்று சங்கு வரை கொண்டு வரலாமே?”

நீங்கள் படித்தது தவறில்லை, ஆனால் அது பாதி உண்மைதான். கரீபியனில் இந்தச் சங்கின் இறைச்சியை விரும்பிச் சாப்பிடுவார்கள், கிரெனடாவில் அதற்கு ‘லாம்பி’ என்று பெயர். அளவுக்கு மீறிப் பிடித்ததால், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 1992-லேயே சேர்த்துவிட்டார்கள். அந்த ஒப்பந்த நாடுகள் எடுத்த தீர்மானம் ஒன்றில், பயணி தன் சொந்தப் பொருளாக மூன்று ஓடுகள் வரை எடுத்துப் போவதற்குச் சலுகை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் இதைவிடக் கடுமையாக இருந்துகொள்ள அதே ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது. நம் நாட்டில் 2022-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி, சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களுக்கென்று தனி அட்டவணையே சேர்த்துவிட்டார்கள். அது 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்த ஓட்டைச் சுங்கத்துறை தடைசெய்த பொருளாகத்தான் நடத்தும். ஆகவே மூன்று ஓட்டுச் சலுகையை உங்கள் வக்கீல் ஒரு வாதமாக வைக்கலாம், தவறான எண்ணம் இல்லை என்று காட்ட அது உதவும். அதைக் காட்டி “என் உரிமை, கொடு” என்று கேட்டால் எடுபடாது.

தூத்துக்குடியில் கடைக்குக் கடை சங்கு விற்கிறதே என்கிறீர்கள். அந்தச் சங்கு வேறு பிராணி, இந்தச் சங்கு வேறு பிராணி. உங்கள் சங்கின் முனைப் பக்கம் ஒரு சின்ன வெட்டு இருந்ததாகவும், அதனால்தான் விலை குறைத்துக் கொடுத்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சதையை உள்ளிருந்து விடுவிக்க மீனவர்கள் அந்த இடத்தில்தான் உடைப்பார்கள். சாப்பாட்டுக்குப் பிடித்ததன் மிச்சம் என்பதற்கு அது அடையாளம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சட்டம் அதற்காக மாறாது.

அதில் ஒன்று வலம்புரி என்று உங்கள் அம்மா ஆசைப்பட்டாராம். முனை மேலே இருக்கும்படி பிடித்து, வாய்ப் பக்கத்தை நம்மைப் பார்த்துத் திருப்பினால், வாய் வலது பக்கம் திறந்தால் இடம்புரி, இடது பக்கம் திறந்தால் வலம்புரி. கரீபியன் பெருஞ்சங்கு எப்போதும் இடம்புரிதான் என்றே சொல்லிவிடலாம். அமெரிக்கத் தென்கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் இயல்பாகவே இடது பக்கம் வாய் திறக்கும் வேறொரு நத்தை வகை உண்டு. அதன் ஓட்டைத்தான் இங்கே வலம்புரி என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கிறார்கள். பாட்டியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், போனது வலம்புரி இல்லை என்றால் வருத்தம் கொஞ்சம் குறையும்.

சங்கு திரும்பக் கிடைக்குமா? சுங்கச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில், சாதாரணப் பொருளுக்கு அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பை அதிகாரி கொடுத்தே ஆக வேண்டும். தடைசெய்த பொருளுக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம். வனவிலங்குப் பொருளுக்குக் கொடுப்பது அபூர்வம். சங்கை விட்டுவிடுங்கள். அதற்காகச் செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாயையும் வளையல் விஷயத்தில் செலவழியுங்கள்.

கடைக்காரர் சொன்னதும், 40 டாலரும்

“சட்டப்படிதான்” என்று அந்த அம்மாள் சொன்னது பொய் என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். கரீபியன் தீவுகள் சிலவற்றில், குறிப்பிட்ட மாதங்களில் கடலாமை பிடிக்க உள்ளூர்ச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. அங்கே விற்கலாம் என்பதற்கும், எல்லை தாண்டி எடுத்துப் போகலாம் என்பதற்கும் சம்பந்தமில்லை. கேமன் தீவில் அரசே நடத்தும் ஆமைப் பண்ணை இருக்கிறது. அங்கே ஆமை இறைச்சி ஓட்டலில் கிடைக்கும், ஆனால் ஓட்டைப் பயணி வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. விற்பவர் தன் தீவின் சட்டத்தைச் சொல்கிறார். லண்டனையும் சென்னையையும் அவரிடம் கேட்டுப் பயனில்லை. நம் நுகர்வோர் நீதிமன்றம் கிரெனடா சந்தையில் கூடை வைத்து விற்பவரை அழைத்து விசாரிக்கப் போவதுமில்லை.

40 டாலர் கதை எனக்குச் சிரிப்பையும் வரவழைத்தது, பாவமாகவும் இருந்தது. அட்டையில் ‘40’ என்று எழுதி வைத்திருந்த மசாலாக் கூடைக்கு இரண்டு 20 அமெரிக்க டாலர் நோட்டைக் கொடுத்திருக்கிறீர்கள். அங்கே புழங்குவது கிழக்குக் கரீபியன் டாலர். 1976-லிருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் கூடையின் விலை 15 அமெரிக்க டாலருக்கும் சற்றுக் குறைவு. 25 டாலர் கூடுதலாகப் போய்விட்டது. ஏமாற்றினாரா, அல்லது கப்பலில் வருகிற வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும் அமெரிக்க விலையையே உங்களுக்கும் சொன்னாரா, இனிமேல் தெரியப் போவதில்லை. ரொக்கம், பில் இல்லை. கார்டில் கொடுத்திருந்தால் வங்கியிடம் தகராறு மனுப் போடலாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதை இத்தோடு விடுங்கள். மகளிடம் மட்டும், விலை கேட்கும்போதே “ஈ.சி.யா, யு.எஸ்.ஸா?” என்று கேட்கச் சொல்லுங்கள், அங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள்.

அந்தக் கூடையில் ‘சாஃப்ரன்’ என்று இருந்த பொட்டலம் குங்குமப்பூ இல்லை என்று இன்னொரு புகார். அந்தத் தீவுகளில் மஞ்சள் தூளுக்கு அந்தப் பெயர்தான், மோசடி எதுவும் இல்லை. கர்ப்பமாக இருக்கும் அண்ணன் மகளுக்குப் பாலில் போட்டுக் கொடுத்துவிட்டோமே என்று பதற வேண்டாம், மஞ்சள் பால் குடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

மகள் வரும்போது

கிரெனடாவில் வாங்குவதற்கு நல்ல சாமான் நிறைய இருக்கிறது, வாங்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஊர்க் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது. 2004-ல் ஐவன் புயல் தோட்டங்களைச் சாய்க்கும் வரை, இந்தோனேசியாவுக்கு அடுத்தபடியாக உலகுக்கு ஜாதிக்காய் கொடுத்த தீவு அதுதான். அந்த மரம் காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். இன்றைக்குச் சந்தையில் இருப்பதில் கொஞ்சம் புயலுக்குப் பிறகு நட்ட மரங்களுடையது. ஜாதிக்காய்ச் சதையில் செய்த ஜாம் கொண்டு வரட்டும். அங்கேயே விளைந்த கோகோவில் அங்கேயே செய்த சாக்லேட் கொண்டு வரட்டும். 1999-லிருந்து இந்தத் தொழில் அங்கே வளர்ந்திருக்கிறது. துருவிப் பாலில் போடும் கோகோ உருண்டை, மெழுகு பூசிச் சாயம் போட்ட பத்திக் துணி, சுரைக் குடுவை போன்ற கலபாஷ் ஓட்டில் செதுக்கிய கிண்ணம். உங்கள் மனைவி கேட்ட கட்டம்போட்ட துணி பொம்மையும் சரிதான். செயின்ட் லூசியா, டொமினிக்கா பெண்களின் விசேஷ உடைக்கான அந்தத் துணிக்கு ‘மெட்ராஸ்’ என்றே பெயர், இங்கிருந்து கப்பலில் போனது.

ஜாதிக்காயை ஓட்டோடு கொண்டு வருவதுதான் தொல்லை. அது விதை. பச்சைக் கோகோ விதையும் அப்படித்தான். நம் சுங்கப் படிவத்தில் விதை, செடி, பழம் இருக்கிறதா என்று தனிக் கேள்வியே இருக்கிறது. முளைக்கக் கூடியதைக் கொண்டு வருவதற்கு இறக்குமதி அனுமதியும், அங்கிருந்து பயிர்நலச் சான்றிதழும் வேண்டும். மண் ஒட்டிய செடி என்றால் பேச்சே இல்லை. அன்றைக்கு உங்களைக் கண்டித்துவிட்டு விட்டது அந்த அதிகாரியின் தயவு. உங்கள் மைத்துனர் இருபது கிலோ வரவழைத்து நாகர்கோவிலில் விற்கலாம் என்கிறாராம். பயணப் பெட்டிச் சலுகை சொந்த உபயோகத்துக்குத்தான், வியாபாரத்துக்கு ஏற்றுமதி-இறக்குமதி எண், உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று தனி வழி இருக்கிறது. அதையெல்லாம் வாங்கினாலும், கன்னியாகுமரியிலும் கேரளாவிலும் ஜாதிக்காய் காய்த்துத் தொங்கும்போது இது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. மைத்துனரின் யோசனைகளை இந்த ஒரு வருடத்துக்குக் கேட்காமல் இருந்தாலே நல்லது.

ரம் விஷயத்தில் இரண்டு கணக்கு உண்டு, குழப்பிக்கொள்ளாதீர்கள். விமானப் பாதுகாப்புக் கணக்கில் 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதைப் பெட்டியிலும் வைக்க முடியாது, கையிலும் எடுத்துப் போக முடியாது. கிரெனடாவின் ரிவர் அன்டோயின் தோட்டத்தில், தண்ணீர்ச் சக்கரம் சுற்றிக் கரும்பு பிழிந்து காய்ச்சும் ரம் 75 சதவீதம். பயணிகளுக்காகவே 69 சதவீதத்தில் ஒன்று போடுகிறார்கள், லேபிளைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். நம் சுங்கக் கணக்கில் தீர்வை இல்லாமல் ஒருவருக்கு 2 லிட்டர். சுருட்டு என்றால் 25.

மகள் மியாமி வழியாக வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வந்த லண்டன் வழி மாதிரி இல்லை இது. அமெரிக்காவில் மாறிப் போகிறவரும் குடியேற்றச் சோதனை, சுங்கச் சோதனை இரண்டையும் முடித்துத்தான் அடுத்த விமானம் ஏற வேண்டும். உணவு, விதை, செடி எது இருந்தாலும் அங்கே சொல்லிவிட வேண்டும். சொன்னால் அதிகபட்சம் எடுத்துக் குப்பையில் போடுவார்கள், மறைத்தால் அபராதம் 10,000 டாலர் வரை போகலாம். மியாமியில் பெட்டி கைக்கு வரும்போது, கையில் வைத்திருக்கும் ரம் பாட்டிலை அதற்குள் வைத்துத் திரும்பப் போட்டுவிட்டால் அடுத்த பாதுகாப்புச் சோதனையில் தகராறு வராது.

கருப்புப் பவளத்தில் செய்த நகை, கடல் விசிறி, காய்ந்த கடல்குதிரை எதையும் வாங்க வேண்டாம். ஜோசியர் சொல்லி மோதிரத்தில் பதிக்கும் சிவப்புப் பவளம் வேறு வகை. கருப்புப் பவளமும் பாறை கட்டும் பவளங்களும் ஆமை இருக்கிற அதே முதல் அட்டவணையில் இருக்கின்றன. இங்கே இறங்கியதும், சந்தேகமான ஒரு பொருள் இருந்தாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடட்டும். உண்மையைச் சொன்னவருக்கு, பொருளை அங்கேயே ரசீது வாங்கி வைத்துவிட்டுத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளக் கேட்க, சுங்கச் சட்டத்தின் 80-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. பச்சை வழியில் நடந்தவருக்கு அந்தப் பிரிவு உதவாது.

கடைசியாக ஒன்று. இந்த வழக்கால் தன் படிப்புக்குக் களங்கம் வருமோ என்று மகள் அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன விவரத்தில், அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் அதே கடைக்குப் போய், “பிளாஸ்டிக் வளையல்” என்று பழைய தேதி போட்டு ஒரு பில் வாங்கி அனுப்புவதாக அவர் சொன்னாரே, அதை உடனே நிறுத்துங்கள். அப்படி ஒரு பில் வந்தால், இதுவரை சம்பந்தமே இல்லாத அவரும் பொய் ஆவணம் தயாரித்தவராக உள்ளே வந்துவிடுவார். அந்தக் கடையில் இப்போதும் அதே வளையல் தொங்கிக்கொண்டிருந்தால், விலைச் சீட்டோடு ஒரு படம் எடுத்து அனுப்பட்டும், எடுத்த தேதி தெரியும்படி. அது உண்மையான ஆதாரம், உங்கள் வக்கீலுக்கு உபயோகப்படும்.